நடுக்குவாதப் பட்டியல்

இதில் யார் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. பெயர் எழுதிக் கெட்டவன் நான். தென்காசிப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் கம்பவுண்டராக இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம், அந்தக் கட்டிடமே இன்றைக்கு இல்லை. மருந்து கலக்குவது பாதி வேலை. மீதிப் பாதி, வருகிறவர்களை ரிஜிஸ்தரில் ஏற்றுவது. பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஊர், தொழில், நோய். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வயதை எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தன் வயது தெரியாது. "தாது வருசப் பஞ்சத்துல நான் தவழ்ந்துக்கிட்டு இருந்தேனாம்" என்பார் ஒருவர். இன்னொருவர், "நீரே பாத்து ஒண்ணு போடும்" என்பார். நரையைப் பார்த்து ஐம்பது, பல்லைப் பார்த்து அறுபது என்று போட்டேன். மாட்டுத் தரகர்கூட என்னைவிடக் கவனமாகப் பல்லைப் பார்ப்பார்.

பெயர் விஷயம் அதைவிட மோசம். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். புருஷன் வருவார், இல்லாவிட்டால் மகன் வருவான். வீட்டிலிருந்தே ஒரு குப்பியைக் கழுவிக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். "வீட்ல ஒரு வாரமாக் காய்ச்சல். மருந்து தாரும்." யாருக்கு என்று கேட்டால், "வீட்லதான்வே" என்று பதில் வரும். பெயரைக் கேட்டால் முகம் கறுத்துவிடும். பின்னால் நாலு பேர் நிற்கும்போது பெண்டாட்டி பெயரைச் சொல்வதாவது! நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒருவர் அதட்டினார்.

"நான்தான முன்னால நிக்கேன்? எம் பேரப் போடும்வே. மருந்துக்குப் பேரு தெரியுமா?"

போட்டேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. யார் வந்து நிற்கிறாரோ அவர் பெயர், அவர் வயது, ஆண். பெண்களுக்கு மட்டுமே வரக்கூடிய கோளாறு என்றால் 'இன்னார் சம்சாரம்' என்று எழுதுவேன். அதை மீசை வைத்தவர் பெயரில் ஏற்ற முடியாதல்லவா? மற்றபடி காய்ச்சல், இருமல், வயிற்றுக்கடுப்பு எல்லாம் புருஷன் தலையில்தான். எத்தனையோ பெண்கள் புருஷன் பெயரில் மருந்து குடித்து, புருஷன் பெயரிலேயே குணமானார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அப்போது இருந்த டாக்டர் குப்பியைப் பார்த்தே மருந்து சொல்கிறவர், அவரும் கேட்டதில்லை.

முப்பதுகளின் நடுவில் ஒரு புது டாக்டர் வந்தார். மதராசில் படித்த தஞ்சாவூர்க்காரர், என்னைவிட இளையவர். நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு யாரும் அவரைத் திட்டக் கூடாது. வந்த புதிதில் வடகரையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மடியில் சும்மா கிடந்த அவருடைய கையில், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது போல் ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தன. நாள் முழுக்க மாத்திரை உருட்டுகிற எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. டாக்டருக்கு அப்படி இல்லை. புஸ்தகத்தில் படித்ததை நேரில் பார்த்த பரவசம் அவருக்கு. இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார். ஊரில் அதற்கு நடுக்குவாதம் என்று பெயர்.

"இந்த மாதிரி நடுக்கம்னு இத்தனை வருஷத்தில எத்தனை பேர் வந்திருக்காங்க? எந்த ஊர், என்ன வயசு, என்ன தொழில்? மறதி வந்தவங்களையும் சேர்த்துப் பழைய ரிஜிஸ்தர் எல்லாத்திலேர்ந்தும் ஒரு பட்டியல் எடும்" என்றார்.

எடுத்தேன். மத்தியானம் கூட்டம் வடிந்த பிறகு, பூச்சி அரித்த ரிஜிஸ்தர்களைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். கண் எரியும், தும்மல் வரும். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டர் என் எழுத்தைப் படிக்க ஆசைப்பட்டது அதுவே முதல் தடவை. பெரிய வெள்ளைத் தாளில், சிவப்பு மையில் கோடு இழுத்து, அழகாக எழுதிக் கொடுத்தேன்.

டாக்டர் அதை மேஜையில் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பட்டியலில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எல்லாரும் வடகரை, கடையம் மாதிரி நஞ்சை உள்ள ஊர்க்காரர்கள், சொந்த நிலத்தில் சாப்பிடுகிறவர்கள். கூலி வேலைக்குப் போகிறவர் ஒருவர் இல்லை. பெண் ஒருத்தி இல்லை. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பாருமய்யா, எவ்வளவு துல்லியமா இருக்கு! உட்கார்ந்து சாப்பிடற ஆம்பளைகளைத்தான் இது பிடிக்கறது" என்றார். உழைக்கிறவன் நரம்பு முறுக்கேறி இருப்பதால் அவனுக்கு வருவதில்லை என்றும், பெண்களுக்கு ரத்தத்திலேயே ஏதோ காப்பு இருக்கலாம் என்றும் சொன்னார். அன்றே ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தார்.

அங்கேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கூலிக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அரிவாள் வெட்டுக்கும் காய்ச்சலுக்கும்தான் வருவார். கை நடுங்கினால் கள்ளுக் குடித்தவன் என்று வரப்பிலிருந்து விரட்டிவிடுவார்கள், அதற்கு யார் குப்பி கழுவிக்கொண்டு வருவார்கள்? மறதியும் அப்படித்தான். நிலம் இருக்கிறவருக்கு மறதி வந்தால், அவர் யாருக்காவது பத்திரத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிடுவதற்குள் வைத்தியம் பார்க்க மகன்கள் வண்டி கட்டிக் கூட்டிவருவார்கள். ஒன்றும் இல்லாதவர் எதை மறந்தால் யாருக்கு என்ன? இதெல்லாம் எனக்குத் தெரியும். பெண்கள் ஏன் இல்லை என்பது மற்ற எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் டாக்டர் என் தோளில் கை வைத்து, "உம்மால்தான் இது நடந்தது" என்றார்.  கட்டுரை மேலிடத்துக்குப் போயிற்று, பாராட்டும் வந்தது.

என் அக்காவைக் கடையத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். எனக்கு ஐந்து வயது மூத்தவள். மூன்று பிள்ளைகள் தங்காமல் போய், நாலாவதாக ஒரு பெண் பிழைத்தது. அப்போது அதற்குப் பதினொரு வயது இருக்கும். அக்கா அந்தப் பிள்ளைக்குத் தலை வாரி முடிப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் அவள் செய்கிற வேலைகளிலேயே அதுதான் பெரிய வேலை என்பது மாதிரி உட்கார்ந்து வாருவாள்.

அவளுடைய இடது கை ஆட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதோடு நடையும் தளர்ந்தது. அடுப்படியிலிருந்து பந்திக்குக் குழம்பு கொண்டுவருவதற்குள் சாப்பிடுகிறவர்கள் வெறுஞ்சோற்றைப் பிசைந்து முடித்துவிடுவார்கள். அத்தானின் அம்மாவுக்கு அதுகூடப் பெரிதில்லை. முகம்தான் பெரிய குற்றம். அக்காவின் முகம் அசையாமல் அப்படியே நின்றுவிட்டது. விருந்தாளி வந்தால் சிரிப்பு கிடையாது, துக்கத்துக்குப் போனால் அழுகை கிடையாது.

"வாசல்ல வந்தவங்கள மொறைச்சுப் பாக்கா. நான் என்ன சொன்னாலும் கல்லு மாதிரி நிக்கா. கை வேற சும்மா இருக்கும்போது ஆடுது, செம்பத் தூக்கச் சொன்னா ஆட்டம் நின்னு போவுது. இது என்ன நோவு? வேசம்" என்று என்னிடமே சொன்னாள் அந்த அத்தை. அத்தானுக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சும் அடிபட்டது. கடைசியில் எல்லாருமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். டாக்டர் பார்க்கட்டும். "நோவுன்னு அவரு சொன்னா எங்க வீட்டு மருமக, நாங்க வச்சுப் பாக்குதோம். வேசமின்னா உங்க வீட்ல வச்சுக்கிடுங்க. பிள்ள எங்க பிள்ள, அது இங்கதான் இருக்கும்." ஆக, டாக்டரின் ஒரு வார்த்தையில்தான் அக்கா தன் மகளோடு இருப்பதும் இல்லாததும் தொங்கியது. எனக்கு அதில் கவலையே இல்லை. என் டாக்டர், என் ஆஸ்பத்திரி என்று தைரியமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்காவோடு அத்தானும் அவர் அம்மாவும் வந்திருந்தார்கள். டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். முழங்கையை மடக்கிப் பார்த்தார், நடக்கச் சொன்னார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்.

"பார்த்தா அது மாதிரிதான் இருக்கு. ஆனா நீர் போட்ட பட்டியலைப் பாருமய்யா. இத்தனை வருஷத்தில ஒரு பொம்மனாட்டி உண்டா? வயசும் நாப்பதுதான். புருஷன் வேற கல்யாணம் பேசறான்னா மனசு என்ன பாடு படும்? இது மனசில இருக்கற நோக்காடு. நரம்பில ஒண்ணும் இல்லை."

 'டாக்டர், அந்தப் பட்டியல் பொய், அதில் உள்ள பாதி ஆண்கள் உண்மையில் பெண்கள்' என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட வேண்டாம். சொன்னால் வேலை போகும். அவர் கட்டுரையின் மானமும் போகும். நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. டாக்டர் வெளியே போய், பயப்பட ஒன்றும் இல்லை, குற்றாலத்தில் ஒரு மண்டலம் குளிக்கட்டும், மனசு தெளிந்துவிடும் என்றார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவை என்னிடமே விட்டுவிட்டு மகனோடு கிளம்பிப் போனாள்.

சாரல் நேரம். குற்றாலத்தில் ஓர் அறை பிடித்து அக்காவையும் துணைக்கு என் மனைவியையும் வைத்தேன். காலையில் நான் போய்ப் பார்த்துவிட்டு வேலைக்கு வருவேன். சீசனுக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கும்மாளமாகக் குளிக்கிற அதே அருவியில், இன்னொரு கூட்டமும் உண்டு. சித்தம் கலங்கியவர்களையும் பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களையும் கூட்டிவந்து, தோளைப் பிடித்து, தண்ணீர் தலையில் விழுகிற இடத்தில் நிறுத்துவார்கள். எப்போதும் நான் அந்தப் பக்கம் பார்க்காமல் போய்விடுகிறவன். இந்தத் தடவை அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. என் மனைவி அக்காவை இடுப்போடு கட்டிப் பிடித்திருப்பாள். விறைத்துப் போன உடம்பு, வழுக்குப் பாறை, தலையில் அத்தனை தண்ணீர். ஒரு நாள்கூட அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. குணமானால் கடையத்துக்குப் போகலாம் என்று நம்பினாள்.

நின்று நின்று பார்த்ததில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கூட்டிவரப்பட்டவர்களில் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் கை நடுங்குகிறவர்கள் இருந்தார்கள். பெற்ற மகனையே யாரென்று கேட்கிற ஒரு கிழவி இருந்தாள். ஆணுக்கு வந்தால் ஆஸ்பத்திரி, பெண்ணுக்கு வந்தால் அருவி. என் ரிஜிஸ்தரில் இல்லாதவர்கள் எல்லாரும் இங்கே நனைந்துகொண்டு நின்றார்கள்.

ஒரு நாள் சிவகிரிக்காரர் ஒருவரைப் பார்த்தேன். வருஷக்கணக்கில் என்னிடம் நடுக்கத்துக்கு மருந்து வாங்கியவர், என் பட்டியலில் மேலே இருக்கிற பெயர். ஈரப் புடவையோடு ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகப் பாறையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நடுக்கம் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கா? எனக்கு என்னத்த நடுக்கம்?" என்றார் அவர். "இவளுக்குல்லா. மருந்து கேக்கல, அதான் தண்ணியில நிப்பாட்டிப் பாக்கேன்."

அக்கா பக்கத்தில்தான் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் போன பிறகு மெதுவாகக் கேட்டாள். "அன்னைக்கு அடுத்த அறையில டாக்டரு என்னமோ பட்டியலுன்னு ஒங்கிட்டச் சொன்னது காதுல விழுந்துது, பொம்பளையே இல்லன்னு. அது நீ எழுதுனதா லே?"

"ஆமா."

"அதுல உள்ளவங்க எல்லாம் ஆம்பளைங்க இல்லன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமா, துக்கமா, எனக்குத் தெரியவில்லை. அதைக் காட்டுகிற முகத்தை அந்த நோய் எடுத்துக்கொண்டு போயிருந்தது. திட்டியிருந்தால் தேவலை. "கை விறைக்கி, கொஞ்சம் தேச்சு விடு" என்று மட்டும் சொன்னாள். தேய்த்துவிட்டேன்.

அன்றே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். அவர் கத்தவில்லை.  என்னோடு குற்றாலத்துக்கு வந்து, அக்காவை மறுபடி பார்த்து, "என்னை மன்னிக்கணும்மா" என்றார். ஒரு டாக்டர் ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்லி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. இது நரம்பு நோய், வேஷம் இல்லை, தீராது, நாளாக ஆக அதிகமாகும், பக்கத்தில் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வேலையும் போகவில்லை. இவ்வளவு சின்னதுக்கா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

கடிதத்தோடு அக்காவைக் கடையத்துக்குக் கூட்டிப் போனேன். அத்தான் படித்துச் சொன்னார்.  அவர் அம்மா சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை.

"நோவுன்னா சரி. இருக்கட்டும், நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். பிறகு கூடத்தில் நின்றிருந்த பேத்தியைக் காட்டி, "ஆனா நாளைக்கு இவளக் கேட்டு வாறவன் ஆத்தாளுக்கு என்னன்னு கேப்பான்லா? திமிரு பிடிச்சவன்னா அது அவளோட போச்சு. தீராத நோவுன்னா மகளுக்கு வராதான்னு கேப்பான். அதுக்கு ஒரு பதிலையும் டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வந்தியாப்பா?" என்று கேட்டாள்.

நான் வாங்கவில்லை. அப்படி ஒரு பதில் டாக்டரிடமும் இல்லை.

அக்கா அத்தானிடம் கையை நீட்டி, "அந்தக் கடுதாசியத் தாங்க" என்றாள். வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள். அவள் நடைக்கு அது தூரம். யாராவது தடுப்பதற்கு வேண்டிய நேரம் இருந்தது, நாங்கள் யாரும் தடுக்கவில்லை. அடுப்பில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"எனக்கு நோவு ஒண்ணும் கிடையாது. இங்கன இருக்க எனக்குப் பிடிக்கல. நான் தம்பி வீட்டுக்குப் போறேன்."

வழியில் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ரிஜிஸ்தரில் எழுதக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாக அவள் மகளிடம். அடுத்த தையில் அத்தான் வேறு கல்யாணம் செய்துகொண்டார்.

டாக்டர் பட்டியலைத் திருத்தப் பார்த்தார். குப்பியோடு வருகிறவர்களிடம், "யாருக்கு? உள்ளது சொல்லும்" என்று நானும் மன்றாடினேன். அவர்கள் நாட்டு வைத்தியரிடம் போக ஆரம்பித்தார்கள். பெயர் சொல்ல ஒரு குடும்பம்கூடச் சம்மதிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை, என் அக்காவையே நான் எழுதவில்லை. பிறகு டாக்டருக்கு மாற்றலாகிவிட்டது. பட்டியல் எங்கே போயிற்றோ, யார் அதைப் பார்த்து இது ஆம்பளைகள் நோய் என்று படித்துக்கொண்டிருக்கிறார்களோ.

எங்கள் வீட்டில் அக்கா ஒன்பது வருஷம் இருந்தாள். மகள் சீசனுக்கு வந்தால் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கும் வருவாள். ஒரு தடவை புதுப் பாவாடை தாவணி கட்டி வந்து, அம்மா முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். அக்கா பார்த்தாள். அவள் உள்ளே என்ன பொங்கியதோ, முகம் அசையவில்லை. பிள்ளை சாப்பிடாமலேயே கிளம்பிப் போய்விட்டது. அதன் பிறகு வருவது குறைந்தது. அவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. ஆத்தாளைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தபோது, வாழப் பிடிக்காமல் போனவள் என்று சொன்னார்களாம். அது போதுமானதாக இருந்தது. அக்காவைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை.

யுத்தம் முடிகிற சமயத்தில் அக்கா இறந்தாள். கடைசியில் விழுங்கவும் முடியவில்லை, என் மனைவி கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மகள் கைக்குழந்தையோடு வந்தாள். எல்லாம் முடிந்து, வீடு கழுவி விட்ட பிறகு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க அம்மை ஒரு நாளு என்னயப் பாத்துச் சிரிச்சதில்ல மாமா. அப்படி நான் என்ன பண்ணுனேன்?"

சத்தியத்தை மீறினேன். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கைவிட உயிரோடு இருப்பவளின் கேள்வி பெரிது என்று பட்டது. நடுக்கம், ரிஜிஸ்தர், பட்டியல், அருவி, அடுப்பில் போட்ட கடிதம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளால் சிரிக்க முடியவில்லை, சிரிக்க மாட்டேன் என்று இருக்கவில்லை என்று சொன்னேன். உனக்காகத்தான் போனாள் என்றும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. மடியில் கிடந்த பெண் குழந்தை சிணுங்கியது, எடுத்துத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்தாள். பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்.

"எங்கிட்டச் சொன்னதோட இருக்கட்டும் மாமா. வேற யாருட்டயும் சொல்லிராதீங்க. இவளையும் ஒரு இடத்துல கெட்டிக் குடுக்கணும்லா."